சும்மா இருப்பதைப் படம் எடுத்தவர்

என் கேம் ஊத்திக்கொண்டதற்கு ஒரு பெண்தான் காரணம். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பின்னால் நான் அவரைப் புகழும்போது, "உனக்கென்ன, எல்லாம் நல்லபடியா முடிஞ்சிருக்கும், அதான் புகழற" என்று யாரும் வந்து நிற்கக் கூடாது. நல்லபடியாக முடியவில்லை. மூன்று வருட வேலை மண்ணாய்ப் போனது. அந்தக் கோபம் எனக்கு இன்னும் கொஞ்சம் மிச்சம் இருக்கிறது. ஆனால் நான் பார்த்த ஒரே வேலைக்காரர் அவர்தான். மற்றவர்கள், என்னையும் சேர்த்து, வேலை செய்கிற மாதிரி இருந்தவர்கள்.

அவர் ஆம்பூரில் கல்யாண வீடுகளில் பெண்கள் பக்கம் வீடியோ எடுப்பவர். எங்கள் பக்கத்து முஸ்லிம் கல்யாணங்களில் பெண்கள் பகுதிக்குள் ஆண் கேமராக்காரன் போக முடியாது. அதற்கென்று ஒரு பெண் வேண்டும். ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு என்று இருபது வருடத்துக்கு மேல் அந்தப் பெண் இவர்தான். என் கூட்டாளி இம்ரான் அவரை ஆபா என்று கூப்பிடுவான். உருதுவில் அக்கா. நானும் ஆபா என்றே கூப்பிட்டேன்.

கல்யாணம் முடிந்து கிளம்பும்போது, கேமராவிலிருந்து மெமரி கார்டை உருவி, கல்யாணப் பெண்ணின் அம்மா கையில் வைத்துவிட்டுத்தான் செருப்பு மாட்டுவார். காப்பி கிடையாது. எடிட் செய்ய வேண்டுமென்றால் அந்த அம்மா கார்டை எடுத்துக்கொண்டு ஆபா வீட்டுக்கு வர வேண்டும், வேலை முடிகிறவரை பக்கத்தில் உட்கார்ந்திருக்க வேண்டும், திரும்ப எடுத்துக்கொண்டு போக வேண்டும். ஒருமுறை மாப்பிள்ளையின் தம்பி ஒருவன் பைக்கில் வந்து, கூட்டத்தில் பச்சைத் துணி போட்டிருந்த ஒரு பெண் யாரென்று பார்க்க வேண்டும், சும்மா அஞ்சு நிமிஷம் ஓட்டிக் காட்டுங்கள் என்று கேட்டானாம்.

"கார்டு உங்க அண்ணனோட மாமியார் பீரோல இருக்கு. போயி கேளு. சாவி இடுப்புல இருக்கும்" என்றாராம் ஆபா. அவன் அந்தத் தெருப் பக்கமே அப்புறம் வரவில்லை என்று இம்ரான் சொல்லிச் சிரிப்பான்.

நான் செய்ய நினைத்தது என்ன என்று சொல்ல வேண்டும். வீடியோ கேமில் இப்போது வருவதெல்லாம் கம்ப்யூட்டர் வரைந்த மனிதர்கள். மயிர்க்கால் வரை வரைகிறார்கள். நான் சின்ன வயதில் என் பெரியப்பா மகனின் கம்ப்யூட்டரில் பார்த்த கேம்கள் வேறு. அதில் நிஜ ஆட்களை நடிக்க வைத்து, வீடியோ எடுத்து, சிடியில் போட்டிருப்பார்கள். சிடியால் அவ்வளவு படத்தைத் தாங்க முடியாது. அதனால் திரையின் நடுவில் அஞ்சல் அட்டை அளவுக்கு ஒரு சின்னப் பெட்டியில்தான் படம் ஓடும். அதிலும் ஒரு கோடு விட்டு ஒரு கோடு கறுப்பாக இருக்கும். நீலத் துணி முன்னால் நிற்க வைத்து எடுத்து வெட்டி ஒட்டிய வெள்ளைக்காரன் ஒருவன், ஓரமெல்லாம் எறும்பு ஊர்கிற மாதிரி நடுங்க, உன்னைப் பார்த்துக் கேள்வி கேட்பான். நீ பதிலைத் தேர்ந்தெடுக்க வேண்டும். தேர்ந்தெடுக்கிறவரை அவன் காத்திருக்க வேண்டும். அங்கேதான் எல்லாரும் மாட்டிக்கொள்வார்கள். காத்திருப்பதற்கென்று ஒரு மூன்று விநாடித் துண்டு எடுத்து அதையே திரும்பத் திரும்ப ஓட்டுவார்கள். ஒரு போலீஸ்காரன் இருமுவான். மறுபடி இருமுவான். அதே இருமல். நான் கூடவே இருமுவேன். ஏழாவது இருமலில் அவன் மனிதன் இல்லை என்று தெரிந்துவிடும்.

மனிதன் இல்லை என்று தெரியாத ஒரு கேம் செய்ய வேண்டும் என்பதுதான் என் வெறி. கதை எங்கள் ஊர்க் கதை. ஒரு ஷூ ஃபேக்டரி. சூப்பர்வைசர் மேல் யாரோ கையெழுத்தில்லாமல் ஒரு புகார்க் கடிதம் எழுதிவிட்டார்கள். எழுதியது யார் என்று கண்டுபிடிக்க வந்த அதிகாரி, கேம் ஆடுகிற நீ. தையல் செக்‌ஷன் பெண்கள் ஐந்து பேர் ஒவ்வொருவராக உன் எதிரில் நாற்காலியில் உட்காருவார்கள். கேள்வி கேட்கலாம். பதில் எல்லாம் பொய்யாகவும் இருக்கலாம். ஆனால் அடுத்த கேள்வியை நீ யோசிக்கும்போது அவர்கள் சும்மா உட்கார்ந்திருப்பார்களே, அந்த முகத்தைப் பார்த்துத்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

ஆக, என் கேமே சும்மா உட்கார்ந்திருப்பதுதான். அதை நாங்கள் வெயிட்டிங் ஷாட் என்போம்.

முதலில் காட்பாடியிலிருந்து நாடகம் நடிக்கிற பெண்களைக் கூட்டி வந்து எடுத்தோம். பேசச் சொன்னால் நன்றாகப் பேசினார்கள். சும்மா இரு என்றால் ஒன்று போட்டோவாகி விறைத்துப் போனார்கள், இல்லாவிட்டால் மூக்கைச் சொறிந்தார்கள். அப்போதுதான் இம்ரான் சொன்னான், "டேய், மூணு மணி நேரம் மணவறைல சும்மா உக்காந்திருக்கிற பொண்ண இருபது வருஷமா எடுக்கிறவங்க எங்க தெருவுலயே இருக்காங்கடா."

வேலூர் சத்துவாச்சாரியில் நாங்கள் வாடகைக்கு எடுத்திருந்த வீட்டுக்கு ஆபா வந்தார். தலையில் துப்பட்டா, தோளில் கேமரா பை, கையில் ஒரு குட்டை பிளாஸ்டிக் முக்காலி. நான் வாங்கி வைத்திருந்த உயரமான ஸ்டாண்டைப் பார்த்துச் சிரித்தார்.

"நின்னுகினு எடுத்தா போலீஸ் எடுக்கிற மாதிரி இருக்கும் தம்பி. உக்காந்திருக்கவங்கள உக்காந்துதான் எடுக்கணும்."

"கேம்ல ஆடுறவன் அதிகாரிதான் ஆபா. போலீஸ் மாதிரிதான் இருக்கணும்."

"அது ஆடுறவன் பாடு. எடுக்கிறது நான்."

ஆண்களை வெளியே அனுப்பிவிடுவார். நானும் இம்ரானும் பக்கத்து அறையில் டிவியில்தான் பார்க்க வேண்டும். என் கேமுக்கு நானே வெளியே. நிஜ ஃபேக்டரிப் பெண்களே வேண்டும் என்று அவர்தான் சொன்னார், அவரே ஐந்து பேரைப் பிடித்தும் கொடுத்தார். முதல் பெண் வந்து உட்கார்ந்ததும் டிவியில் அவர் குரல் கேட்டது.

"எடுக்கட்டுமா?"

அந்தப் பெண் சிரித்தாள்.

"சிரிக்காத. சொல்லு. எடுக்கட்டுமா?"

"எடுங்கக்கா."

அப்புறம் நான்கு நிமிடம் ஒன்றும் நடக்கவில்லை. நான் கதவைத் தட்டி, "ஓடுதா ஆபா?" என்றேன்.

"ஓடுது. நீ கத்தாத, அவ மூஞ்சில பால் பொங்கிக்கினு இருக்கு."

விஷயம் என்னவென்றால், அவர் அந்தப் பெண்ணிடம், காலையில் எழுந்ததிலிருந்து ஃபேக்டரி பஸ் ஏறுகிறவரை செய்வதையெல்லாம் வாயைத் திறக்காமல் மனதுக்குள் ஓட்டச் சொல்லியிருந்தார். ஆரம்பிக்கும்போது கை முட்டி மேல். பஸ்ஸில் ஏறியதும் கை மறுபடி முட்டி மேல். ஆரம்பமும் முடிவும் ஒரே மாதிரி இருந்தால் இரண்டையும் ஒட்டிச் சுற்ற விடலாம். எத்தனை முறை சுற்றினாலும் மூட்டு தெரியாது. நடுவில் அவள் முகத்தில் நிஜமாகவே தண்ணீர் குடம் நிரம்புகிறது, பிள்ளை அடம் பிடிக்கிறது, பால் பொங்குகிறது. ஒன்றையும் காட்டாமல் எல்லாம் தெரிகிறது. நான் டிவி முன்னால் வாயைப் பிளந்து உட்கார்ந்திருந்தேன். உலகத்தில் பெரிய பெரிய கம்பெனிகள் தோற்ற இடத்தில், முக்காலியில் உட்கார்ந்துகொண்டு ஒரு கல்யாண வீடியோக்காரர் ஜெயித்துவிட்டார்.

ஒட்டுவதையும் அவர்தான் சொல்லிக்கொடுத்தார். நான் ஒரு சாஃப்ட்வேர் வைத்து இரண்டு முனையையும் கலந்து விட்டிருந்தேன். பார்த்துவிட்டு, "இன்னா இது, மூஞ்சி தோசை மாவு மாதிரி ஓடுது?" என்றார். பிறகு விரலால் திரையைத் தொட்டுக் காட்டினார். "கண்ணு மூடுற எடத்துல வெட்டு. இங்கயும் மூடுறா, அங்கயும் மூடுறா. அதுல ஒட்டு. பாக்கிறவனும் அந்த நேரத்துல கண்ண மூடுவான்." அதை நான் எந்த இணையப் பாடத்திலும் பார்த்ததில்லை. வெட்டினேன். ஒட்டு தெரியவே இல்லை.

இவ்வளவு திறமைக்கும் நடுவில் என்னைப் பைத்தியமாக்கிய ஒரு பழக்கம் அவரிடம் இருந்தது. அந்த "எடுக்கட்டுமா?"

ஒவ்வொரு ஷாட்டுக்கும் கேட்பார். ஒவ்வொரு டேக்குக்கும் கேட்பார். ஒரே பெண், அதே நாற்காலி, அதே கேள்வி, பதினோராவது டேக். அப்போதும் கேட்பார். கேட்டுவிட்டு பதில் வருகிறவரை பட்டனைத் தொட மாட்டார். தலையாட்டினால் போதாது, வாயால் சொல்ல வேண்டும். ஐந்து பெண்கள், ஆளுக்கு முப்பது நாற்பது கிளிப். கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு நாள் பொறுக்க முடியாமல் கத்திவிட்டேன்.

"எல்லார்கிட்டயும் ஃபாரத்துல கையெழுத்து வாங்கிட்டோம் ஆபா. எத்தினி தடவ கேப்பீங்க?"

"ஃபாரம் உனக்கு. இது எனக்கு" என்றார்.

அவ்வளவுதான். விளக்கம் கிடையாது. அவர் ஏன் இப்படி ஆனார் என்பதற்கு இம்ரான் ஒரு கதை சொல்வான். ஆரம்ப காலத்தில் அவர் எடுத்த கேசட்டில் ஒரு பெண் பின்னால் நின்று சிரித்துக்கொண்டிருந்தாளாம், ஆஸ்பத்திரிக்குப் போவதாக வீட்டில் சொல்லிவிட்டு வந்தவளாம், அதனால் அவள் குடும்பமே உடைந்ததாம். இம்ரானின் அம்மா சொல்கிற கதை வேறு. எதையும் நான் நம்பவில்லை. ஆபாவிடமே கேட்டேன். "ஒருத்தர கேட்டு எடுக்கிறதுக்குக் காரணம் வேற வேணுமா?" என்றார். எனக்கு எரிச்சல்தான் ஜாஸ்தியானது.

இன்னொரு நாள் ஒரு காலேஜ் பையன் வந்தான். போனை வைத்துத் தலையைச் சுற்றிப் படம் எடுத்தால், கம்ப்யூட்டருக்குள் அந்தத் தலை அப்படியே வந்து நிற்கும் என்று காட்டினான். நான் குதித்தேன். "ஆபா, இவங்க அஞ்சு பேரையும் ஒரு தடவ இப்பிடி எடுத்துட்டா அப்புறம் அவங்க வரவே வேணாம். வேண்டிய டயலாக்க நாமளே பேச வெச்சுக்கலாம். உங்களுக்கும் வேலை கம்மி."

அவர் அந்தத் தலையைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். நன்றாக இருக்கிறது என்று ஒப்புக்கொண்டார். பிறகு கேட்டார், "வராத பொண்ண எப்பிடிக் கேக்கறது?"

அந்தப் பையன் போனைப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டான். அந்தத் திட்டம் அன்றோடு நின்றது.

இப்போது நான் செய்ததைச் சொல்கிறேன்.

ஐந்து பெண்களில் சுமதி என்று ஒருத்தி. குடியாத்தம் பக்கம் கிராமம். ஷூ மேல்பாகம் தைக்கிற வேலை. கேமில் அவள்தான் அந்தக் கடிதத்தை எழுதியவள். கடைசிக் கேள்வி, "நீதானே எழுதினே?" அதற்கு அவள் பதில் சொல்ல மாட்டாள், சும்மா பார்ப்பாள். அந்தப் பார்வைதான் மொத்த கேமும். ஆபா எத்தனையோ டேக் எடுத்தார். எல்லாம் நன்றாகத்தான் இருந்தது. எனக்கு நன்றாக இருந்தால் போதவில்லை. அவள் கேமரா முன்னால் இருப்பது அவளுக்குத் தெரிகிறது என்று தோன்றியது.

அறையின் மூலையில் எங்களுடைய இரண்டாவது கேமரா ஒன்று சும்மா நின்றிருந்தது. ஓடும்போது முன்னால் சிவப்பு விளக்கு எரியும். ஒரு நாள் சாப்பாட்டு நேரத்துக்கு முன்னால், ஒயர்மேன் வைத்திருக்கிற கறுப்பு டேப்பைக் கிழித்து அந்த விளக்கின் மேல் ஒட்டி, கேமராவை ஓட விட்டுவிட்டு வெளியே வந்தேன்.

சுமதி சாப்பிட்டு முடித்து, அந்த நாற்காலியிலேயே தனியாக வந்து உட்கார்ந்தாள். நாற்பது விநாடி எதையோ நினைத்துக்கொண்டிருந்தாள். அந்த மாதிரி ஒரு முகத்தை நான் எந்தப் படத்திலும் பார்த்ததில்லை. அந்த நாற்பது விநாடியை மட்டும் வெட்டி கேமில் போட்டேன். பெங்களூருவில் கேம்களை வாங்கி உலகம் முழுக்க வெளியிடுகிற ஒரு கம்பெனிக்கு மாதிரி அனுப்பினேன். மூன்றாம் நாள் போன் வந்தது. "அந்தக் கடைசிப் பெண். அவங்க யாரு? அந்த ஒரு கிளிப்புக்காகவே நாங்க எடுத்துக்கறோம்." நான் வீட்டில் சொல்லி ஸ்வீட் வாங்கினேன்.

இம்ரான் சந்தோஷத்தில் ஆபாவைக் கூப்பிட்டு உட்கார வைத்து கேமை ஆடிக் காட்டினான். கடைசிக் கேள்வி வந்தது. சுமதி பார்த்தாள். ஆபா திரையில் அவள் கையைப் பார்த்தார்.

"இது நான் எடுத்தது இல்ல."

"டெஸ்ட் கேமராவுல வந்தது ஆபா."

"கை முட்டில இல்ல. கேட்டியா அவள?"

"கேட்டேன்" என்றேன்.

என் கண்ணைப் பார்த்தார். திட்டவில்லை. பையை எடுத்துக்கொண்டு போய்விட்டார். அடுத்த ஞாயிற்றுக்கிழமை காலை குடியாத்தம் பஸ்ஸில் சுமதியைக் கூட்டிக்கொண்டு வந்து இறங்கினார்.

"போட்டுக் காட்டு" என்றார்.

போட்டேன். சுமதி தன்னைத்தானே பார்த்தாள். ஒரு சுற்று, இரண்டு சுற்று, மூன்று. பக்கத்தில் ஆபா அதே குட்டை முக்காலியில் உட்கார்ந்திருந்தார். மெதுவாகக் கேட்டார், "வெச்சுக்கட்டுமா?"

சுமதி திரையிலிருந்து முகத்தைத் திருப்பிக்கொண்டாள். "அப்ப நான் இன்னா நெனச்சிக்கினு இருந்தேன்னு எனக்குத் தெரியும்கா. இதப் பாத்தா இன்னொருத்தருக்கும் தெரிஞ்சிடும். வேணாம்."

"சுமதி, இது இல்லாட்டி கேமே இல்லம்மா" என்றேன். "மூணு வருஷ வேல. இந்த மூஞ்சியப் பாத்துதான் பெங்களூருக்காரன் ஒத்துக்கினு இருக்கான். உன்ன யாருக்குத் தெரியும்? ஆடப்போறவன் எங்கயோ அமெரிக்கால இருப்பான்."

"எங்க சூப்பர்வைசர் பையனும் கேம் ஆடுவான்ணா" என்றாள்.

நான் கத்தினேன். என்னென்ன கத்தினேன் என்று எழுத மாட்டேன். நாற்காலியை உதைத்தேன் என்பது ஞாபகம் இருக்கிறது. சுமதி பயந்துவிட்டாள். "அண்ணனுக்கு அவ்ளோ நஷ்டம்னா, பரவால்லக்கா, இருக்கட்டும்..." என்று ஆரம்பித்தாள்.

ஆபா அவள் கையைப் பிடித்தார். "நஷ்டத்த அவன் பாத்துப்பான். அத உன்னக் கேக்கல. உன்னக் கேட்டது வேற. வெச்சுக்கட்டுமா?"

"வேணாம்கா."

ஆபா என் பக்கம் திரும்பினார். "அழி."

அவரே அழித்திருக்கலாம். எங்கே இருக்கிறது என்று அவருக்குத் தெரியும். என்னைத்தான் அழிக்கச் சொன்னார். அழித்தேன். "இன்னொண்ணு எங்க?" என்றார். மற்ற வீடியோக்காரர்கள் எல்லாரும் இரண்டாவது காப்பி வைத்திருப்பார்கள் என்று அவருக்குத் தெரியாதா. அலமாரியிலிருந்த டிஸ்க்கை எடுத்து வந்து அதிலும் அழித்தேன். "அவ்ளோதானா?"

"அவ்ளோதான்."

அதற்குப் பிறகு சுமதியே உட்கார்ந்தாள். "அண்ணன் பாவம், வேற எடுத்துக்குங்க" என்றாள். ஆபா கேட்டார், அவள் எடுங்க என்றாள், கையை முட்டி மேல் வைத்தாள். பூட்டிய கதவு மாதிரி ஒரு முகம். எவ்வளவு நேரம் பார்த்தாலும் அவள் எழுதினாளா இல்லையா என்று சொல்ல முடியாது. பெங்களூருக்காரனிடம் பழைய மாதிரியை அழித்துவிடச் சொல்லி, இதை அனுப்பினேன். பார்த்துவிட்டு வேண்டாம் என்றான். நாங்களே வெளியிட்டோம். வாங்கிய கொஞ்சம் பேரும் ஒரே குறையைத்தான் எழுதினார்கள்: கடைசிப் பெண்ணின் முகத்தை வைத்து ஒன்றும் கண்டுபிடிக்க முடியவில்லை.

ஆமாம். விசாரிக்க வந்த அதிகாரிக்கு எந்தத் தையல்காரி முகத்தைக் கொடுத்திருக்கிறாள்? இது எனக்குப் புரிய ரொம்ப நாள் ஆனது. புரிந்தபோது வாங்கினவர்களிடம் போய்ச் சொல்ல முடியவில்லை.

இரண்டு வருடம் நான் ஆபாவிடம் பேசவில்லை. அவர் பேசுவார். ஆம்பூர் பஸ் ஸ்டாண்டில் பார்த்தால், "இன்னா தம்பி, இன்னும் பேஜார்லயே இருக்கியா? கேம் இன்னொண்ணு எடு, நான் வர்றேன்" என்பார். நான் முகத்தைத் திருப்பிக்கொள்வேன். அப்புறம் எப்போதோ பேச ஆரம்பித்தேன். அதற்குள் பெண்கள் பக்கத்திலும் எல்லாரும் போனிலேயே எடுக்க ஆரம்பித்துவிட்டார்கள். அவரைக் கூப்பிடுவது நின்றுபோனது. அது பற்றி ஒன்றே ஒன்றுதான் சொன்னார்: "எல்லாரும் எடுக்கிறாங்க. ஒருத்தரும் கேக்கறதில்ல."

போன வருடம் சர்க்கரை முற்றி இறந்துபோனார். அவர் வீட்டுக்குப் போனேன். ஹைதராபாத்தில் கட்டிக்கொடுத்த மகள் வந்திருந்தாள். ஆதார் கார்டில் இருப்பதைத் தவிர அம்மிக்கு, அதாவது அம்மாவுக்கு, ஒரு படம் இல்லை என்று சொன்னாள். ஊர்க் கல்யாணத்தையெல்லாம் எடுத்தவர், ஒரு படத்திலும் இல்லை. "அண்ணா, நீங்க கேம் எடுத்தப்ப அம்மி கூடவே இருந்தாங்களே. எங்கயாவது ஓரத்துலயாவது விழுந்திருப்பாங்க. பாத்துச் சொல்றீங்களா?"

பார்க்கிறேன் என்றேன். எனக்கு நம்பிக்கை இருந்தது. ஏனென்றால் "அவ்ளோதான்" என்று நான் சொன்னது பொய். வீட்டில் மூன்றாவது காப்பி இருந்தது. அன்றைக்கு டேப் ஒட்டி எடுத்த முழு கிளிப்பும் அதில் இருந்தது. அந்த நாற்பது விநாடிக்கு அப்புறம் இருப்பதை நான் ஓட்டிப் பார்த்ததே இல்லை.

ஓட்டினேன். சுமதி உட்கார்ந்திருக்கிறாள். நாற்பது விநாடி முடிகிறது. ஆபா இரண்டு டீ கிளாஸோடு உள்ளே வருகிறார். ஒன்றைச் சுமதியிடம் கொடுக்கிறார். பிறகு நேராக கேமராவைப் பார்க்கிறார். லென்ஸை இல்லை, சிவப்பு விளக்கு இருக்கிற இடத்தைப் பார்க்கிறார். எரியவில்லை. கதவைப் பார்க்கிறார். மூடியிருக்கிறது. துப்பட்டாவைத் தலையிலிருந்து எடுத்து மடியில் போட்டுக்கொண்டு, கழுத்தைத் துடைத்து, நரைத்த கூந்தலை அவிழ்த்து மறுபடி முடிந்துகொண்டே சுமதியிடம் எதற்கோ சிரிக்கிறார். அவ்வளவு அழகாகச் சிரிப்பார் என்று எனக்குத் தெரியாது. அவரைத் தலையில் துணியில்லாமல் நான் பார்த்ததில்லை. இம்ரான் பார்த்ததில்லை. விளக்கை நம்பி உட்கார்ந்திருக்கிறார்.

அதற்கு மேல் பார்க்காமல் நிறுத்தினேன். அது ஒன்றுதான் அன்றைக்கு நான் ஒழுங்காகச் செய்தது.

சுமதிக்குப் போன் போட்டேன். காப்பி இருப்பதைச் சொன்னேன்.

"இன்னும் வெச்சிக்கினுதான் இருக்கியாண்ணா?" என்றாள்.

"அதுல ஆபா இருக்காங்க சுமதி. அவங்க பொண்ணு கேக்குது. உன்ன முழுசா வெட்டிடறேன். அவங்கள மட்டும் எடுத்துக் குடுக்கலாம்னு..."

"எப்பிடி இருக்காங்க?"

சொன்னேன்.

பின்னால் ஓடிக்கொண்டிருந்த தையல் மெஷினை நிறுத்தினாள். "என்னிய வெட்டிடுவ, சரிண்ணா" என்றாள். "அவங்கள யாரு கேக்கறது?"

போனை வைத்தேன். மூன்றாவது காப்பியை அழித்தேன். இந்த முறை நிஜமாகவே அவ்வளவுதான். பிறகு ஹைதராபாத்துக்குப் போன் போட்டு, எல்லாம் தேடிப் பார்த்துவிட்டேன், எதுவும் இல்லை என்றேன். அந்த நேரத்தில் அது உண்மையாகிவிட்டிருந்தது.

"எனக்குத் தெரியும்ணா" என்றாள் அந்தப் பெண். சிரித்தாள் போலிருந்தது. அம்மாவின் சிரிப்பு. ஐந்து நிமிடம் முன்னால்தான் அதைப் பார்த்திருந்தேன். "சும்மா கேட்டுப் பாத்தேன். அம்மி விட்டிருக்க மாட்டாங்க."

அவள் வைத்த பிறகும் நான் எழுந்திருக்கவில்லை. திரையில் ஒன்றும் ஓடவில்லை. கையை முட்டி மேல் வைத்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்தேன்.